வலது காலும் இடது காலும்

2025 ஜூன் 11, புதன்

சாரல் தொடங்கிவிட்டது. மெயின் அருவியில் பெண்கள் பக்கம் டூட்டி. ஈரக் கல்லில் பத்து மணி நேரம் நின்றேன். விசில் ஊதி ஊதித் தாடை வலிக்கிறது என்று கூட நின்ற போலீஸ் பிள்ளைகள் சொன்னார்கள். எனக்குக் கால்தான். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றினால் சாக்ஸின் விளிம்பு சதையில் பள்ளமாகப் பதிந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்து, வளைந்து வளைந்து இறங்குகிறது. இரண்டு காலிலும்.

கதவைச் சாத்திக்கொண்டுதான் பார்த்தேன். சொந்த வீட்டில், கட்டின புருஷனுக்குத் தெரியாமல். நாற்பத்தேழு வயது, தலைமைக் காவலர் குழல்வாய்மொழி.

ஜூன் 15, ஞாயிறு

கூட்டம் தாங்கவில்லை. காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்தால் இதமாக இருக்கிறது. இவர் கேட்டதற்கு இடுப்பு வலி என்றேன்.

ஜூன் 19, வியாழன்

வடகரையிலிருந்து அண்ணன் போன் செய்தான். பாண்டித்துரை அண்ணனுக்கு மட்டும்தான் என் கால் விஷயம் தெரியும். போன வருடம் கோயில் கொடை விழாவில் சேலை விலகியபோது பார்த்துவிட்டான். பட்டாளத்தில் இருந்தபோது, 2004இல், அவனுக்கும் இதே தொந்தரவு வந்து, அங்கேயே ஆபரேஷன் செய்தார்கள்.

"ஏட்டி, இன்னும் யாருகிட்டயும் காட்டலியா? வெட்டிப் புடுங்கி எறிஞ்சிரணும். எனக்கு இருவது வருஷமாச்சு, ஒரு குத்தம் உண்டா? ஒரே நாளு வலி. அதுக்குப் பொறவு குதிர மாதிரி ஓடலாம்."

சீசன் முடியட்டும் என்றேன். போன சீசனிலும் இதையேதான் சொன்னேன்.

ஜூன் 22

வலது கணுக்காலுக்கு மேலே, உள்பக்கம், தோல் கருத்திருக்கிறது. காபித் தூள் சிந்தின மாதிரி. ஒரு வாரமாக அரிக்கிறது.

என் அம்மைக்கும் இங்கேதான் ஆரம்பித்தது.

நாற்று நடவில் சேற்றில் நின்ற கால். முதலில் கருப்பு, அப்புறம் அரிப்பு, சொறிந்த இடத்தில் ஒரு சின்னப் புண். அந்தப் புண் ஒன்பது வருடம் ஆறவில்லை. ஸ்டேஷன் முடிந்து போய் நான்தான் கழுவிக் கட்டுவேன். கல்யாண வீடுகளில் அம்மை தானாகவே கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள், வாடை வரும் என்று. அண்ணன் லீவில் வரும்போது மட்டும் புதுத் துணி கட்டி, சேலையைத் தழைய விட்டு உட்கார்ந்திருப்பாள். "அவன் எல்லையில நிக்கிற புள்ள. அவன்ட்ட சொல்லாத" என்பாள். 2009இல் போய்விட்டாள். அவன் அந்தப் புண்ணைப் பார்க்கவே இல்லை.

நான் பார்த்தேன். பார்த்தவளுக்கு புத்தி வந்திருக்க வேண்டாமா? அம்மை மாதிரியே மூடி மூடி வைக்கிறேன்.

ஜூன் 30, திங்கள்

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

மூன்று மணி வாக்கில் தண்ணீர் பெருத்தது. கலங்கி, சருகும் குச்சியுமாக வந்தது. குளிக்கும் இடத்துக்கு மேலே இருக்கும் பாதுகாப்பு வளைவைத் தொட்டதும் சைரன் அடித்தார்கள். பெண்களை வெளியேற்ற ஐந்து நிமிடம் கூடக் கிடையாது. எல்லாரும் வந்துவிட்டார்கள், ஒரு பெண்ணைத் தவிர. கம்பியைப் பிடித்துக்கொண்டு பயத்தில் நகர மாட்டேன் என்று நின்றாள். உள்ளே இறங்கி அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்து வந்தேன். வரும் வழியில் கம்பியின் அடிப்பகுதி காலில் இடித்தது. பெரிய அடி இல்லை.

மேலே ஏறித் திரும்பினால் கல்மேல் தண்ணீர் சிவப்பாக ஓடுகிறது. "யாருக்கும்மா அடி? யாருக்கு ரத்தம்?" என்று நான்தான் கத்தினேன். எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள். பேண்ட் துணி வழியாகப் பீய்ச்சி அடிக்கிறது. வலியே இல்லை. தலை மட்டும் லேசாகிக்கொண்டே போனது.

உடை மாற்றும் அறையைச் சுத்தம் செய்யும் ஹாஜரா பீவி ஓடி வந்து என் தோளைப் பிடித்து அமுக்கினாள்.

"படுங்க ஏட்டம்மா. நீங்க நின்னா ரத்தம் நிக்காது."

"இங்கனயா? எல்லாரும் பாக்குதாவ..."

"பாத்தா பாக்கட்டும். படுங்க."

அந்த ஈரத்தில், யூனிபார்மோடு, மல்லாந்து படுத்தேன். அவள் என் காலைத் தூக்கித் தன் தோள்மேல் வைத்துக்கொண்டு, துப்பட்டாவை நான்காக மடித்துப் புண்மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். எடுத்து எடுத்துப் பார்க்கவில்லை. அழுத்தியபடியே இருந்தாள். சுற்றி நூறு பேர். வாயில் சாரல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது. உயிர் போகிற காரியம் இவ்வளவு சுலபமாக நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

ஆம்புலன்சில் கூட வந்தாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "எங்க நாத்தனாருக்கு இதே மாதிரி நரம்பு ஒடஞ்சுச்சு. நாங்க நாக்காலியில உக்கார வச்சுத் தண்ணி குடுத்துக்கிட்டு இருந்தோம்" என்றாள். அந்த நாத்தனார் பிழைக்கவில்லையாம்.

ஜூலை 1

இரண்டு தையல். தென்காசி ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள்.

இவர் புளியங்குடி எலுமிச்சை மண்டியிலிருந்து நேராக ஓடி வந்திருந்தார். கணக்குப்பிள்ளை வேலை, சட்டையில் எலுமிச்சை வாசத்தோடுதான் எப்போதும் வருவார். நர்ஸ் போர்வையை விலக்கியபோது இரண்டு காலையும் பார்த்தார். வீட்டுக்கு வந்து சோறு வடித்து, எனக்குப் போட்டு, தானும் சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"எட்டு வருஷம்."

"நான் என்ன, யாரோவா ஒனக்கு?"

அவ்வளவுதான் கேட்டார். என்ன சொல்ல? அசிங்கமா இருக்கும்னு நெனச்சேன்னு சொல்ல முடியுமா? இருபத்துமூணு வருஷம் குடும்பம் நடத்திட்டு...

ஜூலை 7, திங்கள்

அறுவை மருத்துவர் ஷமீம் பானுவைப் பார்த்தோம். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். என்னை நிற்கச் சொல்லி, தொடையிலிருந்து கணுக்கால்வரை ஜெல் தடவி ஸ்கேன் செய்தார். திரையைத் திருப்பிக் காட்டினார்.

"இத நாம நரம்புன்னு சொல்றோம். நரம்பு வேற, இது ரத்தக்குழாய். கால்ல இருந்து ரத்தம் மேல போகணும். கீழ திரும்பி வராம இருக்க உள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கு. உங்களுக்குத் தொடை இடுக்குல இருக்கிற கதவு மூடல. ரத்தம் கீழயே தேங்குது. அதான் வீக்கம், கருப்பு, எல்லாம்."

காரணம் என்ன என்று இவர் கேட்டார். நின்றே பார்க்கும் வேலை, பிள்ளைப்பேறு, குடும்ப வழி, எல்லாமும் சேர்ந்து இருக்கலாம் என்றார். கெட்டுப்போன குழாயை வேலையிலிருந்து எடுத்துவிட்டால் ரத்தம் உள்ளே இருக்கிற நல்ல குழாய்கள் வழியாக மேலே போய்விடுமாம்.

எடுக்க இரண்டு வழி. ஊசித் துளை வழியாக மெல்லிய இழையை விட்டு, லேசர் சூட்டில் குழாயை மூடிவிடலாம். குழாய் உள்ளேயே சுருங்கிக் கிடக்கும். அல்லது தொடை இடுக்கில் கீறி, கம்பி விட்டு, குழாயையே உருவி எடுக்கலாம்.

"எது நல்லது டாக்டர்?"

"ரெண்டுமே வேலை செய்யும். ரெண்டுலயும் சில பேருக்குத் திரும்ப வரும். லேசர்ல வலி கம்மி, சீக்கிரம் வேலைக்குப் போகலாம். அதனால முடிஞ்சா முதல்ல அதத்தான் சொல்லுவேன். ஆனா இழை போறதுக்குக் குழாய் ஓரளவு நேரா இருக்கணும்."

வலது கால் நேராக இருக்கிறதாம். லேசர் போகும். இடது காலைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்தார். "இங்க எப்பவாவது கயிறு மாதிரி கெட்டியாகி, சிவந்து வலிச்சுதா?"

வலித்தது. போன வருடம் ஐப்பசியில். பத்து நாள் எண்ணெய் தடவிக்கொண்டு டூட்டிக்குப் போனேன்.

"அப்ப ரத்தம் உறைஞ்சிருக்கு. அந்த இடம் தழும்பாகி, திருகிக் கிடக்கு. இழை நுழையாது. இந்தக் கால் ஆபரேஷன்தான்."

அப்போதே வந்திருந்தால்?

"லேசரே போயிருக்கலாம்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

ஜூலை 9

அண்ணன் வந்தான். வேஷ்டி கட்டுகிற ஊரில் இவன் மட்டும் எப்போதும் முழுப் பேண்டும் சாக்ஸும். பட்டாளத்துப் பழக்கம் போகவில்லை என்று ஊரே சொல்லும்.

லேசர் என்றதும் கோபம் வந்துவிட்டது. "சுட்டு உள்ளயே விட்டுட்டா அது வைத்தியமா? கெட்டத உள்ள வச்சுக்கிட்டு எப்படி நல்லாவும்? ரெண்டு காலையும் வெட்டச் சொல்லு. நான் நல்லா இல்லியா?"

இவர் எப்போதும் அண்ணனை எதிர்த்துப் பேச மாட்டார். இன்று பேசினார். "படிச்ச அம்மா சொல்லுதாங்க மச்சான். அவ காலு. அவதான் முடிவு பண்ணணும்."

என் கால். எட்டு வருடமாக என் கால் என்று மூடி வைத்ததும் அதுதானே.

ஜூலை 14

தையல் பிரித்தாயிற்று. இன்ஸ்பெக்டர் அம்மா என்னை ஸ்டேஷன் வரவேற்பு மேசையில் உட்காரச் சொல்லிவிட்டார். தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தால் சாயங்காலம் கால் அதே அளவு வீங்குகிறது. டாக்டரிடம் கேட்டால், நிற்பது மாதிரியே உட்கார்ந்தே இருப்பதும் ஆகாது, நட என்கிறார்.

ஜூலை 24, வியாழன்

வலது கால் முடிந்தது. மறக்கும் முன் எழுதிவிடுகிறேன்.

மயக்கம் கிடையாது. முழங்காலுக்குப் பக்கத்தில் ஊசித் துளை. இழை உள்ளே போனது தெரியவே இல்லை. தெரிந்தது அதற்குப் பின்னால் போட்ட மரப்பு ஊசிகள்தான். தொடை நெடுக, பதினான்கு எண்ணினேன். யாரும் இதைச் சொல்லவில்லை. அப்புறம் லேசர் வெளிச்சம் கண்ணில் படாமல் இருக்க எல்லாருக்கும் கண்ணாடி மாட்டினார்கள். ஏதோ கருகின வாசம் வந்த மாதிரி இருந்தது. மனப்பிரமையோ என்னவோ. முக்கால் மணி நேரம்.

இறுக்கமான நீளக் காலுறை மாட்டி, "எழுந்து நடங்க" என்றார் டாக்டர். நடந்தேன். வராந்தாவில் இருபது நிமிடம், அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே. இவர் பின்னாலேயே வந்தார், விழுந்துவிடுவேன் என்பது போல் கையை நீட்டிக்கொண்டு. இரண்டு மணிக்கு வீட்டில் இருந்தேன்.

ஜூலை 30

நல்லாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு ஆறாம் நாள் தொடையில் நரம்பைக் கட்டி இழுக்கிற மாதிரி வலி. பயந்து போன் செய்தேன். குழாய் சுருங்கும்போது அப்படித்தான் இருக்கும், நடக்கச் சொன்னார். அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் "நான் சொன்னேன்லா" என்பான்.

ஆகஸ்ட் 1

ஸ்கேன். குழாய் மூடிவிட்டது. தழும்பென்று பார்த்தால் ஊசித் துளை மட்டும்தான், அதையும் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இடது காலுக்கும் இதையே செய்து பாருங்களேன் என்று கெஞ்சினேன். "முயற்சி பண்றேன்னு சொல்லி பாதி வழியில நிறுத்த எனக்கு இஷ்டம் இல்ல" என்றார்.

செப்டம்பர் 20

சீசன் முடிந்தது. வலது கணுக்கால் அரிப்பு நின்றுவிட்டது. கருப்பு அப்படியேதான் இருக்கிறது. அது முழுக்கப் போகாது, பரவாமல் இருந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இடது காலுக்குத் தேதி கேட்டு இரண்டு முறை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். இரண்டு முறையும் பந்தோபஸ்து என்று சொன்னேன். ஒரு முறைதான் உண்மை.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று ஹாஜரா பீவியை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டேன். இடது கால் என்னாச்சு என்று கேட்டாள். பயமாயிருக்கிறது என்றேன். இதுவரை இவரிடம்கூட அப்படிச் சொன்னதில்லை.

"அருவியில எறங்கும்போது பயமில்லியா?"

"அங்க யோசிக்க நேரமில்ல."

"இங்க நெறய இருக்கு. அதான்" என்றாள். ரசத்தை ஊற்றிக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 10 என்று தேதி வாங்கினேன்.

நவம்பர் 11, செவ்வாய்

படுக்கையிலிருந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே யாருடைய உடம்போ மாதிரி ஆகிவிட்டது. நடுவில் பச்சைத் துணித் திரை. வலி இல்லை, ஆனால் யாரோ என்னைப் பிடித்து இழுப்பது உடம்பு முழுக்கத் தெரிந்தது. முடிந்ததும் கிண்ணத்தில் வைத்துக் காட்டினார் டாக்டர். முண்டும் முடிச்சுமாக, நனைந்த பழந்துணியைத் திரித்துப் போட்ட மாதிரி. எட்டு வருடம் நான் ஒளித்து வைத்தது இதைத்தான்.

நவம்பர் 13

வீடு. அண்ணன் சொன்ன "ஒரே நாள் வலி" பச்சைப் பொய். தொடையின் உள்பக்கம் முழுக்க நீலம். கழிப்பறையில் உட்கார்ந்து எழுந்திருக்க இவர் கை வேண்டியிருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இவர் இப்போது தினமும் என் காலைத் துடைத்துக் காலுறை மாட்டிவிடுகிறார். முகத்தைச் சுளிக்கவில்லை. இதற்கா நான் எட்டு வருடம் கதவைச் சாத்தினேன்?

நவம்பர் 19

நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது. இடது கணுக்காலுக்கு மேலே ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மரத்திருக்கிறது. குழாயை ஒட்டி நிஜ நரம்பு ஓடுகிறதாம், கிளைகளை எடுக்கும்போது அது நலிந்திருக்கும். முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். சில மாதங்களில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம்.

நவம்பர் 23, ஞாயிறு

அண்ணன் பார்க்க வந்தான். வடகரைத் தேங்காய் நான்கு. என் தொடைக் காயத்தைப் பற்றிச் சொன்னபோது பெருமையாகச் சிரித்தான். "இதாம்ட்டி வைத்தியம். இனி ஆயுசுக்கும் பயமில்ல."

கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். பேண்ட் ஏறி, சாக்ஸ் இறங்கி, நடுவில் மூன்று விரல் அகலத்துக்குத் தோல் தெரிந்தது. கருப்பு. அதன் நடுவில் பளபளவென்று, மெழுகு தடவின மாதிரி. ஒன்பது வருடம் கழுவிக் கட்டிய கைக்கு அது என்ன என்று தெரியும்.

"அண்ணே, சாக்ஸக் கழத்து."

"என்ன?"

"கழத்து. நான் பாக்கணும்."

"ஒனக்கு வேற வேலையில்லையா? போலீஸ் புத்தி வீட்லயுமா?" எழுந்துவிட்டான். காபியைக்கூடக் குடிக்கவில்லை. வாசலில் வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. எழுந்து ஓட முடியாத காலோடு கிடந்தேன்.

நவம்பர் 24

போன் எடுக்கவில்லை.

நவம்பர் 26

எடுக்கவில்லை. பாவி. எத்தன வருஷமா வச்சிருக்கான்? எல்லாருக்கும் வெட்டச் சொல்லி வைத்தியம் சொல்லிக்கிட்டு, தனக்குத் திரும்பி வந்தத மட்டும் சாக்ஸுக்குள்ள... நான் மட்டும் என்ன யோக்கியம்.

டிசம்பர் 8, திங்கள்

டூட்டியில் சேர்ந்தேன். லேசர் செய்தபோது ஒரு வாரத்தில் சேர்ந்தேன், இப்போது நான்கு வாரம். இன்ஸ்பெக்டர் அம்மா இரண்டில் எது தேவலை என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். முதல் மாதத்தைக் கேட்டால் வலது கால் என்பேன். இப்போது நடக்கும்போது இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கின்றன, அந்த மரத்த இடம் தவிர. பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று யார் சொல்ல முடியும்? "சீக்கிரமா வந்து காட்டுறதுதாம்மா தேவலை" என்றேன்.

அடுத்த சீசனில் அருவியில் நிற்கும் பெண் காவலர்களை மணிக்கொரு முறை இடம் மாற்றிவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பார்க்கலாம் என்றார்.

டிசம்பர் 14, ஞாயிறு

வடகரைக்கு நானே போனேன். இவர் பைக்கில் கொண்டு விட்டு, தெருமுனை டீக்கடையில் இருந்துகொண்டார். அண்ணன் தென்னந்தோப்பில் இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

திட்ட வேண்டும் என்றுதான் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து என் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டினேன். இரண்டு காலையும் வெயிலில் நீட்டினேன். கருப்பு, தழும்பு, மஞ்சள் கறை எல்லாம் தெரிய. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆறு வருஷமாச்சு" என்றான். "வெட்டுன எடத்துலேருந்தே புதுசா முளச்சு வருதுன்னு நெனக்கேன். ஊரெல்லாம் சொல்லிட்டு, இப்ப எந்த மொகத்தோட..."

"புண்ணு வந்துட்டா?"

பேண்ட் நுனியைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டான்.

"வாடை வருதா அண்ணே?"

தலையை அசைத்தான். ஆம் என்றா, இல்லை என்றா தெரியவில்லை. நான் கிளம்பும்போது, "அந்த டாக்டரம்மா திட்டுவாங்களா?" என்றான். ஐம்பத்தாறு வயது.

2026 ஜனவரி 5, திங்கள்

அண்ணனைத் தென்காசிக்கு அழைத்துப் போனேன். வரிசையில் இரண்டு மணி நேரம். நடுவில் ஒருமுறை எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தான்.

டாக்டர் ஷமீம் பானு எப்போது ஆபரேஷன் நடந்தது, எப்போது திரும்ப வந்தது, புண் எத்தனை நாளாக இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஸ்கேன் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும், திரும்ப வந்ததற்கும் வழிகள் இருக்கின்றன, முதலில் புண் ஆற வேண்டும் என்றார். பிறகு, "குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துச்சா? தங்கச்சி தவிர?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் முந்திக்கொண்டான்.

"எங்க அம்மைக்கு இருந்துச்சு டாக்டர். ஒம்பது வருஷம் புண்ணு ஆறல. நான் பாக்கல. இவதான் பாத்தா."

"எந்தக் கால்ல?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"வலது கால். கணுக்காலுக்கு மேல, உள்பக்கம்" என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். அண்ணன் குனிந்து, யாரும் சொல்லாமலே, சாக்ஸைக் கழற்றினான்.